சீரோடு போகாத டப்பா

என் மகளுக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்தது. கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு வெளியே நிற்கும். எதையும் முன்பல்லால் கடிக்க வராது. கடைவாயில் கொடுத்துத்தான் ஒடிப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

பல்லில் கம்பி கட்டினால் மட்டும் போதாது, தாடை எலும்பை அறுத்துப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும் என்று தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டரம்மா சொன்னார். ஒன்றரை வருஷம் கம்பி, பிறகு ஆபரேஷன், பிறகு மறுபடியும் கம்பி. ஆபரேஷன் முடிந்த பின் பல வாரம் கஞ்சியும் ஜூஸும்தான். வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் கிடந்தது. அவளால் ஒரு பருக்கையைக்கூட மெல்ல முடியவில்லை. ஒரு தடவைகூட முனகவில்லை. கம்பியைக் கழற்றிய அன்று வெள்ளரிப்பிஞ்சு ஒன்றை முன்பல்லால் நறுக்கென்று கடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றைக்கே டாக்டரம்மா ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். உள்ளே கழற்றி மாட்டுகிற கிளிப்.

"எலும்பு கூடிருச்சு. ஆனா பல்லு பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். படுக்கும்போது இதை மாட்டிக்கணும், வருஷக்கணக்கா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். விட்டுடாதீங்க ஐயா."

நான் தலையாட்டினேன். தலையாட்ட மட்டும் எனக்கு நன்றாக வரும். அஞ்சாவதோடு நின்றவன். நாலு பேர் எதிரில் பேச நா எழாது. என் வீட்டுக்காகப் பேசுவது எப்போதும் அண்ணன்தான்.

அடுத்த வருஷம் திருவாரூர்ப் பக்கமிருந்து சம்பந்தம் வந்தது. அண்ணன் வந்து முதல் வேலையாகச் சுவரிலிருந்த மகளின் சின்ன வயசுப் போட்டோக்களைக் கழற்றினார்.

"ஆபரேஷன்னு மூச்சு விடக்கூடாது. பொறக்குற புள்ளைக்கும் தாடை நீளும்னு எவனாவது கிளப்பி விட்டுருவான்."

"மாப்பிள்ளகிட்ட மட்டுமாவது..." என்று இழுத்தேன்.

"நீ சும்மா இரு. ஒனக்கு என்ன பேசத் தெரியும்?"

சும்மா இருந்தேன்.

எங்கள் பக்கம் பெண்ணோடு போகிற சீரை மாப்பிள்ளை வீட்டில் பரப்பி வைப்போம். அந்த வீட்டுப் பெண்கள் பீரோவைத் திறந்து பார்ப்பார்கள், பெட்டியைக் கிளறிப் பார்ப்பார்கள். அதனால் டப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார் அண்ணன். சொன்னது அவர், எடுத்தது நான்.

"அப்பா, அது வேணும்ப்பா."

"சீரு பாத்து முடியட்டும்மா. அடுத்த வாரமே கொண்டாந்து தர்றேன்."

அடுத்த வாரம் பையில் வைத்துக்கொண்டு போனேன். கூடம் நிறைய ஆட்கள். எல்லோர் கண்ணெதிரிலும் அதை எப்படி நீட்டுவது? பழத்தாரை வைத்துவிட்டு டப்பாவோடு திரும்பினேன். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். தீபாவளிக்கு அவள் வந்தபோதும் மாப்பிள்ளை கூடவே இருந்ததால் டப்பாவை வெளியே எடுக்க முடியவில்லை. போனில் மூன்று தடவை கேட்டாள். நான்காவது தடவை கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை டாக்டரிடம் காட்டுவதும் நின்றது. என்ன காரணம் சொல்லிக் கிளம்பி வருவாள்?

மூன்று வருஷம் கழித்துத் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். சாப்பிடும்போது அப்பளத்தை ஒடித்துக் கடைவாயில் போட்டாள். தட்டை ஒதுக்கி வைத்தேன். உதட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். முன்பற்கள் ஒன்றின் நுனியில் ஒன்று மோதி நின்றன. ஓரிடத்தில் கீழ்ப்பல் வெளியே வந்திருந்தது. கிளிப்பை எடுத்து மாட்டிப் பார்த்தாள். ஏறவே இல்லை.

குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆனதும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். படம் எடுத்துப் பார்த்தார்.

"தாடை கொஞ்சந்தான் நகந்திருக்கு. பல்லுதான் நெறைய நகந்துருச்சு. மறுபடி ஒரு வருஷமாவது கம்பி கட்டணும். அதுலயே முழுசா சரியாயிரும்னு இப்ப சொல்ல முடியாது." பிறகு என்னைப் பார்த்து, "இது வராம பாத்திருக்கலாம் ஐயா" என்றார்.

செய்தி கேட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"வாயில கம்பியோட போயி நின்னா என்ன ஏதுன்னு தோண்ட மாட்டாங்களா? கல்யாணம் ஆச்சு, புள்ளையும் பொறந்தாச்சு. இனிமே பல்லு எப்படி இருந்தா என்ன?"

மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேதான் நின்றாள். அவள் எலும்பை அறுத்துக்கொண்டதும், கஞ்சி குடித்துக் கிடந்ததும் எங்களுக்கு ஒரு கல்யாணத்தை முடிக்கத்தானா? அப்பளம் கடிப்பதற்கென்று அவளுக்கு ஒரு வாய் கிடையாதா? என் உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் மேல் பாதி, என் மேல் பாதி.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் திருவாரூர் பஸ் ஏறினேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா கொடுத்த காபியைத் தொடாமல், நின்றபடியே, தரையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். தாடை, ஆபரேஷன், போட்டோ, டப்பா. மறுபடி கம்பி கட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். 

அந்தம்மா காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு வெடித்தார்.

"கட்டிலு, பீரோ, கிரைண்டருன்னு லாரி நெறைய ஏத்தி அனுப்புனீங்க. உள்ளங்கையளவு டப்பாவ அனுப்ப முடியல? நாங்க என்ன அவளக் கடிச்சா தின்னுருவோம்? ரெண்டு வருஷமா அவ முறுக்க ஊறவச்சுத் திங்கிறா. ஏண்டி கெழவி மாதிரி திங்கிறேன்னு நானே கேலி பண்ணியிருக்கேன். அந்தப் பாவத்தையும் எங்க தலையில கட்டிட்டீங்களே."

"தப்புதாங்க."

"தப்புதான். மறைச்சுக் கட்டிக் குடுத்தது எனக்கு ஆறாது சம்பந்தி, அத நல்லா கேட்டுக்குங்க. ஆனா கம்பியக் கட்டியே அனுப்புங்க. இங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

திரும்பி வரும் வழியில், பஸ்ஸில் இருக்கும்போதே அண்ணன் போன் செய்தார். அதற்குள் சம்பந்தி வீட்டிலிருந்து யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"யாரக் கேட்டுடா அங்க போயி சொன்ன? என் மானத்த வாங்கிட்டியே!"

"ஒங்க மானத்துக்குத்தாண்ணே மூணு வருஷம் அவ வாயக் கெடுத்தோம். இனிமே அவளுக்கு வேணுங்கிறத நானே போயி பேசிக்கிறேன்."

பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் மகள் பேருக்குச் சீட்டு எடுத்தேன்.