கருவிக்கு வைத்த பொட்டு

சங்கரன்கோவிலில் ஒரு சாயப்பட்டறை. அதன் சோதனை அறை என் பொறுப்பு. நிறத்தை அளக்கும் கருவியையும், சாயம் ஊற்றும் சின்னப் பம்புகளையும் ஒரு பழைய கம்ப்யூட்டரோடு ஒயர் போட்டு இணைத்தது நான்தான்; செல்போன் வீடியோ பார்த்துப் படித்த படிப்பு. கருவி நிறத்தைச் சொல்லும், கம்ப்யூட்டர் கணக்குப் போடும், பம்பு ஊற்றும். நான் டீ குடிப்பேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், கடையநல்லூர் கைலி வியாபாரி பாய் ஓர் இளம்பச்சைத் துணியோடு வந்தார். நூலுக்கு அதே நிறம் வேண்டுமாம். கருவியில் வைத்தேன். நூல் நீலமாக வந்தது. மறுபடி ஊற்றினால் இன்னும் நல்ல நீலம்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள பச்ச வரணும் வே. வரலன்னா ஒங் கம்ப்யூட்டரு பழைய இரும்புக் கடைக்குப் போவும். தொணைக்கு நீயும் போயிரு."

ஒயரையெல்லாம் கழற்றி மாட்டியும் பயனில்லை. வெள்ளை நூலை அளந்தால் அதையும் நீலம் என்றது. சந்தேகம் வந்து கருவியின் மூடியைத் திருப்பினேன். அதன் உட்புறம் ஒரு வெள்ளை வில்லை பதித்திருக்கும். தினமும் காலையில் கம்ப்யூட்டர் அதைப் பார்க்கச் சொல்லி, இதுதான் வெள்ளை என்று கருவியைப் பழக்கும். அந்த வில்லையின் நடுவில் காய்ந்த சந்தனம். பூஜையில் முதலாளி ஒன்றையும் விடாமல், மூடியைக்கூடத் திறந்து பொட்டு வைத்திருக்கிறார். மஞ்சளை வெள்ளை என்று நம்பிய கருவிக்கு மற்றதெல்லாம் நீலமாகத் தெரியாமல் என்ன செய்யும்?

பாய் எதிரில் இதைச் சொன்னால் முதலாளி முகம் என்னாவது? சொல்லாவிட்டால் என் பிழைப்பு என்னாவது? கம்ப்யூட்டரையே பேச வைத்தேன். பெரிய எழுத்தில் தட்டிவிட்டு, "அண்ணாச்சி, இது என்னமோ சொல்லுது, வந்து பாருங்க" என்றேன்.

முதலாளி வாய்விட்டே வாசித்தார்: "மூடிக்குள்ள பொட்டு வச்சா எனக்கு எப்படி அண்ணாச்சி கண்ணு தெரியும்?"

பாய் தாடியைத் தடவினார். "மெசினு எங்க ஆளு போல. பொட்டு ஒத்துக்கல."

முதலாளி என்னைப் பார்த்தார். "மெசினுக்கும் நான் அண்ணாச்சியா? யாருவே சொல்லிக் குடுத்தா?"

"அதுவாப் படிச்சிருக்கும் அண்ணாச்சி."

"ஒன்ன மாதிரியே."

வேட்டி நுனியோடு மூடிப் பக்கம் போனவரை மறித்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை நீட்டினேன். தாமே துடைத்தார். கருவிக்கு வெள்ளையை மறுபடி காட்டிவிட்டு, துணியைத் திரும்ப அளந்தேன். அடுத்து ஊற்றியதில் பச்சை வந்தது. பாய் தம் துணியை நூலோடு சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதையே போடுங்க" என்றார். இரும்புக் கடைப் பேச்சு அதோடு நின்றது.

முதலாளி மட்டும் திரையை விட்டு நகரவில்லை. "இன்னொண்ணு கேளு வே அதுகிட்ட. சூடமாவது காட்டலாமா?"

நான் கொஞ்சநேரம் தட்டினேன். "தள்ளி நின்னு காட்டலாமாம் அண்ணாச்சி."