முப்பத்தோரு கையெழுத்து

போன வாரம் எதிர்வீட்டு அக்கா ரேஷன் கார்டு மனுவை நீட்டினார். சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம்.

வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கம்... இரண்டாம் பக்கம்...

"சும்மா ஒரு கையெழுத்துதானே! என்னமோ பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி உட்கார்ந்துட்டியே?"

சும்மா ஒரு கையெழுத்து! நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் – குரோம்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் கிளார்க்காக இருந்தபோது.

எங்கள் வீட்டில் எல்லோரும் கைநாட்டு. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். வளைத்து எழுதி, அடியில் கோடு இழுத்து நான் போடும் கையெழுத்தை அம்மா தெருவுக்கே காட்டுவாள். கர்வம் இருக்காதா?

பட்டறையில் காற்றழுத்தத்தால் இயங்கும் ராட்சதச் சுத்தியல் ஒன்று. அதற்குக் காற்றைச் சேர்த்து வைக்கும் டாங்கின் தலையில் ஒரு சேஃப்டி வால்வு. அழுத்தம் நூறு பவுண்டைத் தாண்டினால், தானாகத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். வாரம் ஒருமுறை அதன் வளையத்தை இழுத்து, 'புஸ்'ஸென்று திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே துருவேறி இறுகிவிடும். பார்த்ததும் அட்டையில் கையெழுத்து.

பார்க்க வேண்டியவர் ஃபிட்டர் முனுசாமி அண்ணன். அவருக்கு எழுதத் தெரியாது. அதனால் என் ஜன்னலுக்கு வருவார்.

"இழுத்துப் பார்த்தீங்களாண்ணா?"

"இஸ்த்தா காத்து பூரா பூடும்மா. திரும்ப ரொப்ப அரை மணி ஆவும். மேஸ்திரி வுடுவாரா? எல்லாம் ஷோக்கா கீது. நீ போடு... உன் கையெழுத்தப் பாத்தா அந்த வால்வே பயப்படும்!"

சிரித்துக்கொண்டே போடுவேன். முப்பத்தோரு வாரம்.

முப்பத்திரண்டாவது வாரம், காற்றடைக்கும் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஸ்விட்ச் மக்கர் செய்தது. அழுத்தம் ஏறியது. வால்வு திறக்கவில்லை. டாங்க் வெடித்தது. அண்ணனுக்கு வலது கை போயிற்று – முழங்கையோடு.

விசாரணையில் முதலாளி என் அட்டையைத்தான் நீட்டினார். "வாராவாரம் செக் பண்ணியிருக்கு சார். வால்வு நல்லாத்தான் இருந்தது. இந்த ஆள்தான் வேணும்னே வால்வு ஸ்க்ரூவை முறுக்கிக் கெடுத்திருக்கான்." அது நிலைத்தால் அண்ணனுக்கு நஷ்டஈடு கிடையாது.

எழுந்து நின்றேன். "நான் அந்த வால்வைப் பார்த்ததே இல்ல சார். மேஸ்திரி இழுக்க விடல. பார்க்காமலேதான் கையெழுத்துப் போட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "படிச்ச பொண்ணுதானே? முப்பத்தோரு தடவை எழுதினது பொய்னா, இன்னைக்கு வாயால சொல்றது மட்டும் எப்படிம்மா நிஜமாகும்?"

அண்ணனுக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை.

பல்லாவரத்தில் அவர் வீட்டுக்குப் போய் அழுதேன்.

"இன்னாத்துக்கும்மா அழுவுற? ஆம்பளைக்கு இடது கை ரேகதானே கேப்பாங்க? அது பத்திரமா கீது."

அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

கைநாட்டு வைப்பவர் படித்துப் பார்க்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். கையெழுத்துப் போட்டவரும் பார்க்கவில்லை என்று யார் சந்தேகப்படுவார்கள்? அதனால்தான் நம் கையெழுத்து அவ்வளவு ஆபத்தானது.

எதிர்வீட்டு மனுவில் குடும்பத்தினர் ஆறு பேர் என்றிருந்தது. எனக்குத் தெரிந்து நாலு பேர். நான் போடவில்லை.

பக்கத்து வீட்டு பி.ஏ. பட்டதாரி நின்றபடியே போட்டுக் கொடுத்துவிட்டாராம்... ரொம்ப அழகான கையெழுத்தாம்!