கேப்பைக் கேக்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டும் உரிமை கடைக்குட்டிக்கு. காலைப் பூசை முடிந்து வந்ததும், பெரியப்பா மதுரையிலிருந்து வாங்கிவந்த கேக்கைக் கடைக்குட்டி வெட்ட வேண்டும், முதல் துண்டைத் தானே தின்ன வேண்டும், பிறகு எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். கடைக்குட்டி நான்தான். கத்தி என் கையில், கேக் அவர்கள் வாயில், என் வாயில் வாழைப்பழம். இரண்டு வருடம் இப்படியே போனது.

எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. மைதா, ரவை எது உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவேன். மதுரை டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டில் நம்பினார்கள். அதுவரை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நான் கட்டிய கதை என்றே நினைத்திருந்தார்கள். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமை போட்ட காலம் அது. காரைக்குடியே சப்பாத்தி தேய்க்கப் பழகிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் தனிச் சோறு.

எனக்கு எட்டு வயதான வருடம், ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த சித்தப்பா திடீரென்று அறிவித்தார்: "இந்தக் கிறிஸ்துமசுக்கு நீயும் கேக்குத் திங்கிற. நான் சுட்டுத் தாரேன்." வெந்நீர் வைக்கக்கூட அடுப்படிக்குள் நுழையாத மனிதர் அவர்.

"கேப்பையில கேக்கா? பேசாம கூழு காய்ச்சுங்கடா" என்றார் பெரியப்பா.

கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் முன்னதாகவே ஒத்திகை நடந்தது. மிஷினில் அரைத்த கேப்பை மாவு, வறுத்து அரைத்த உளுந்து மாவு, கொஞ்சம் கவுனி அரிசி மாவு, கருப்பட்டி, வெண்ணெய், முட்டை. பெரிய அண்டாவில் மணலைக் கொட்டி அடுப்பிலேற்றி, உள்ளே கேக் சட்டியை வைத்து மூடி, மூடிமேல் நெருப்புக் கங்குகளை அள்ளிப் போட்டார். மணம் தெருவரை போனது. கத்தியை வைத்ததும் கேக் பொலபொலவென்று உதிர்ந்தது. சித்தப்பா அதைப் பழுதான ரேடியோவைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். "கோதுமைக்கு ஒரு பசை இருக்கு. இதுக்கு இல்ல. வெட்டுனாத்தான உதிரும்? ஆளுக்கு ஒரு கிண்ணத்துல சுட்டுருவோம்."

என் கத்தி போயிற்றே என்று ஒரு பாட்டம் அழுதேன். ஆனால் கிண்ணக் கேக் வந்ததும் அழுகையை மறந்து இரண்டு தின்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வயிறு பிடித்துக்கொண்டது.

"பிள்ளையக் கொல்லப் பாத்தியாடா?" என்று பெரியப்பா சத்தம் போட்டார். இரண்டு நாள் நான் படுத்திருந்த அறைப்பக்கமே சித்தப்பா வரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம். எட்டிப் பார்க்கவில்லையே என்று.

மூன்றாம் நாள் மாவு மிஷினில் போய் அரைப்பொழுது நின்றுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்: "அண்ணி, கேப்பை ஒண்ணும் செய்யல. நமக்கு முன்னால கோதுமை அரைச்சிருக்காக. உள்ள ஒட்டிக் கெடந்த மாவு நம்ம மாவோட வந்துருச்சு."

அம்மா கேப்பைப் பானையை எடுத்துவந்து அவர்முன் வைத்தாள்.

சித்தப்பா திருகையோடு உட்கார்ந்தார். ஆம்பளை திருகை சுற்றும் அதிசயத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். "என்ன தம்பி, மாப்பிள்ளை பாக்க வாராகளா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் இன்னும் வேகமாகச் சுற்றினார். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியது.

கிறிஸ்துமஸ் காலையில் கிண்ணங்கள் தட்டில் வரிசையாக வந்தன. உச்சி வெடித்து, கருப்பட்டி நிறத்தில், உப்பலாக இருந்தன. ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு நான் முதல் கடி கடித்தேன். ஆகா! மெத்தென்று இருந்தது. என் வீட்டுக் கேக்கை என் வீட்டில் நான் தின்றேன். வேறு யாரும் வாயில் வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைக்குட்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்னொன்றையும் எடுத்தேன்.

முதலில் பொறுக்க முடியாமல் போனது பெரியப்பாவுக்குத்தான். முகர்ந்தார், கடித்தார், மடமடவென்று முடித்துவிட்டுத் தட்டுக்குக் கை நீட்டினார். "டேய், இது கேப்பையா?"

"கூழுதாண்ணே. நீங்க சொன்னீகள்ல, அதான்" என்றார் சித்தப்பா.

வீடே சிரித்தது. தட்டு காலியானது. மதுரைக் கேக் பெட்டிக்குள்ளேயே இருந்தது; அதை யாரும் தேடவில்லை.

சித்தப்பா மட்டும் தன் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தார். நான் போகிற இடத்துக்கெல்லாம் கிண்ணமும் வந்தது.

"ஏன் சித்தப்பா திங்கல? நல்லால்லையா?"

"இருக்கட்டும் தாயி. நீ போயி விளையாடு."

பகலெல்லாம் ஆடித் தீர்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து, இன்னொரு கேக் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த சித்தப்பா அதைக் கேட்டதும் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கிண்ணத்திலிருந்ததை இரண்டே வாயில் விழுங்கினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. காலையில் சுட்ட கேக் காய்ந்துபோய்த் தொண்டையை அடைத்துவிட்டது என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன்.