பின் கைப்பிடியில் வைத்த பிரேக்

செல்வி, பாண்டி, ஊருக்கு வரும்போதெல்லாம் நீங்கள் கேட்கிறீர்கள், "கடைச் சுவரில் தொங்குற அந்த நீளச் சைக்கிளை ஏம்ப்பா விக்கல?" என்று. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எட்டாவதுவரை படித்தவன், தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

1. கருமலை அண்ணன் கொண்டுவந்த வேலை

பாம்பன் ரோட்டுப் பாலம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. மண்டபத்தில் என் சைக்கிள் ரிப்பேர் கடை அப்போதும் ஒரே அறைதான். கருமலை அண்ணன் கடலாடிப் பக்கத்து விவசாயி. மழை பொய்த்து, மனைவியும் இறந்த பிறகு, மகள் வேணியோடு மண்டபத்துக்கு வந்துவிட்டார். வேணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நாற்காலிக்குப் பிரம்பு பின்னப் பழகியிருந்தாள். இராமேஸ்வரம் லாட்ஜுகளில் கிழிந்த நாற்காலிகளை அப்பாவும் மகளும் போய்ப் பின்னிக் கொடுப்பார்கள்.

ஒரு லாட்ஜில் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்தது. லாட்ஜ்காரர் அதை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல். நடுவில் ஒரு செயின் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும், ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் கூடவே சுற்றும். பிரேக்கும் கியரும் முன்னால் இருப்பவருக்குத்தான். பின் கைப்பிடி பிடித்துக்கொள்ள மட்டும்.

பிரேக் கட்டைகள் கல்லாகிப் போயிருந்தன. கியர் லிவர் பழைய மாடல், தோராயமாகத் தள்ளி நிறுத்த வேண்டும். மதுரை பழைய சாமான் கடையிலிருந்து கியர் சைக்கிளின் பிரேக் செட்டும், டக் டக்கென்று பல் விழும் புது மாடல் கியர் லிவரும், அதற்கேற்ற ப்ரீவீல் என்ற பின் சக்கரப் பல்சக்கரமும் வாங்கி வந்தேன். மாட்டிப் பார்த்தால் முன் கைப்பிடியிலிருந்து ஒயர் பின் சக்கரம்வரை எட்டவில்லை. மொபெட் ஒயர் தடிமனாக இருந்தது, லிவரில் நுழையவில்லை. ஒட்டுப் போட்ட ஒயரை நான் யாருக்கும் மாட்டிக் கொடுத்ததில்லை.

"அண்ணே, கியரையும் பின் சக்கரப் பிரேக்கையும் பின் கைப்பிடியில வச்சிருவோம். ஒயர் எட்டும்" என்றேன்.

"ஏலே, கண்ணு தெரியாத புள்ள கையில பிரேக்கக் குடுக்கச் சொல்றியா? கிறுக்குப் பயலே."

வேணி சிரித்தாள். "ரோட்டப் பாக்கத்தான் அய்யா கண்ணு வேணும். நீங்க புடின்னா புடிக்கிறதுக்கு எதுக்கு? இத்தன நாளு உங்க சைக்கிள் கேரியர்ல மூட்டையாட்டம்தான உக்காந்து வாரேன்."

"மூட்ட பேசாது. நீ வாய மூடுறதே இல்ல."

முன் சக்கரப் பிரேக் அவருக்கு, பின் சக்கரப் பிரேக்கும் கியரும் அவளுக்கு என்று முடிவானது. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது அண்ணனுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது. "நான் கேக்குறதுக்குள்ள கியர மாத்திப்புடுறா" என்றார்.

"அய்யாவுக்கு மூச்சு முட்டுனா என் காலுலயே தெரியுது மாமா" என்றாள் அவள்.

2. ஆடி மாதம்

அடுத்த ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று பலமாக இருந்தது. இராமேஸ்வரத்திலிருந்து திரும்பும்போது அது எதிர்க்காற்று. பாலத்து ஏற்றத்தில் அண்ணனுக்கு மூச்சு இரைத்திருக்கிறது. வேணி கியரை லேசாக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். "இறங்கித் தள்ளுவமா அய்யா" என்றதற்கு, "உச்சி வந்துருச்சு, மிதி" என்றாராம்.

உச்சி தாண்டியதும் அவர் காலின் கனம் பெடலில் இல்லாமல் போனது. கூப்பிட்டாள், பதில் இல்லை. சைக்கிள் ஆடியது, இறக்கத்தில் ஓடத் தொடங்கியது. புடி என்று சொல்ல ஆளில்லாமல் அவளாகவே பிரேக்கைப் பிடித்தாள். இருவரும் நடைபாதைப் பக்கம் சாய்ந்து விழுந்தார்கள். ஒரு மீன் வேன்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அண்ணன் வழியிலேயே போய்விட்டார்.

3. டயர்

காரியம் முடிந்து அண்ணனுடைய தம்பி சைக்கிளைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். கூடவே வேணி, முழங்கையில் கட்டோடு.

"இந்த எழவ வீட்டுல வைக்க மாட்டோம். நீ வச்ச பிரேக்குதான்யா எங்கண்ணனக் கொன்னது. இவ வெடுக்குன்னு புடிச்சிருக்கா, அவரு குப்புற விழுந்திருக்காரு. ஊரே சொல்லுது."

"டாக்டர் நெஞ்சுவலின்னுதான சொன்னாரு?" என்றேன்.

"டாக்டரு பாலத்துலயா நின்னாரு?"

வேணி அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை. "மாமா, நான் வெடுக்குன்னா புடிச்சேன்? எனக்கே ஞாபகமில்ல. ராவெல்லாம் கைய மடக்கி மடக்கிப் பாக்குறேன்."

பின் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் சுற்றாமல் ரோட்டில் இழுபடும். அந்த இடத்தில் டயரின் புடைப்பு தேய்ந்து தட்டையாகிவிடும். போன மாதம்தான் நான் புது டயர் மாட்டியிருந்தேன். இதை அவளிடம் சொன்னேன். ஆனால் நான் டயரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, அவள் விரலைப் பிடித்து வால்வில் வைத்தேன். "இங்கன ஆரம்பிச்சு, திரும்ப வால்வு வார வரைக்கும் தடவு. தட்டையா இருந்தா உன் கையும் என் வேலையும்தான் காரணம். இல்லாட்டி இல்ல."

பிரம்பு பின்னும் விரல்கள். ஒவ்வொரு புடைப்பாகப் போனாள். அவள் சித்தப்பாவும் நானும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வால்வு வந்தது. நிறுத்தாமல் இன்னொரு சுற்றும் போனாள்.

"எல்லாம் எழும்பித்தான் இருக்கு" என்றாள். பிறகு விரலை எடுத்துக்கொண்டு, "கியரு எதுல கெடக்கு மாமா?"

"கடைசிப் பல்லுல. இதுக்கு மேல லேசாக்க முடியாது."

"அய்யாவுக்காகத்தான் போட்டேன்" என்றாள். அப்போதுதான் அழுதாள். அவள் சித்தப்பா துண்டை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா தாயி, போவோம்" என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பிறகு பரமக்குடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டோடு இருந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். பிரேக்கை ஒருவர் கையில் கொடுக்குமுன் நன்றாக யோசியுங்கள். கொடுத்த பிறகு அந்தக் கையை நம்புங்கள். நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டீர்கள், அங்கேயும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று அவர்கள் போனதும் கடைக் கதவைச் சாத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, வால்வில் விரலை வைத்து, டயரை ஒரு சுற்று முழுக்கத் தடவிக்கொண்டு வந்தேன். அவள் சொன்னபடியே எல்லாம் எழும்பித்தான் இருந்தது. பிறகு துருப் பிடிக்காமல் செயினுக்கு எண்ணெய் விட்டு, அவள் அய்யாவுக்காகப் போட்ட கியரைத் தொடாமல், சைக்கிளைத் தூக்கிச் சுவரில் மாட்டினேன்.