அக்கா வேண்டாம் என்றது

எனக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது திருவெறும்பூரிலிருந்து அக்காதான் வந்து கூட இருந்தாள். நான் மூன்றாவது வரை படித்தவள். ஆஸ்பத்திரிக் காகிதங்களை அவள் படிப்பாள். காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன்.

ஆபரேஷனில் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் மொத்தமாக எடுத்தார்கள். ஒன்றிலும் நோய் இல்லை என்றார் டாக்டர். சந்தோஷப்பட்டோம்.

எட்டு மாதத்தில் வலது கை வீங்கிவிட்டது. நெறிக்கட்டிகளை மொத்தமாக எடுத்தால் சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். ஸ்ரீரங்கத்தில் துணி தேய்த்துப் பிழைப்பவள் நான். இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியவில்லை.

அக்காவோடு செக்கப்புக்குப் போன இடத்தில், ஆபரேஷன் சமயத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்த உப்பிலியபுரத்துப் பெண்ணைப் பார்த்தேன்.

"என்னங்க, கை உரலாட்டம் இருக்கு? எனக்கு முதல்ல ரெண்டு கட்டியத்தான் எடுத்துப் பாத்தாங்க. நோய் இல்லேன்னதும் மத்தத விட்டுட்டாங்க. அப்படிப் பண்ணிப் பாக்குற ஆராய்ச்சில சேந்தேன்ல. உங்களையும்தான் கேட்டாங்க. நீங்க ஸ்கேனுக்குப் போயிருந்தீங்க, உங்கக்கா வேணாம்னுட்டாங்க."

அக்கா முந்தானையைத் திருகினாள்.

"ஆராய்ச்சியெல்லாம் எலிக்குப் பண்றதுடி. உன்னை அதுக்கு விட்டுடுவேனா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உனக்கு என்ன புரியும்?"

"புத்துநோய்னு நீதானே சொன்ன. அது புரிஞ்சுதே."



அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியும். ஆனால் கை என்னுடையது.

இப்போது செக்கப்புக்குத் தனியாகத்தான் போகிறேன். புரியாததை நர்சிடம் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறேன். அக்கா போன் செய்து டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறேன்.