மாற்றியவர் பெயர்

என் மேசை இழுப்பறையில், பழைய சார்ஜர் வயர்களுக்கு அடியில், ஒரு தாள் இருக்கிறது. 'திருத்தப் பதிவேடு' என்று தலைப்பு. கீழே நான்கு பத்திகள்: எந்தப் பக்கம், முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, மாற்றியவர் பெயர். மொத்தம் பதினொரு வரிகள். ஏழு வரிகளில் என் பெயர் இருக்கிறது, மூன்று வரிகளில் அக்காவின் பெயர். கடைசி வரியில் மட்டும் மாற்றியவர் பெயர் இல்லாமலே இருந்தது. ஆறு வருடங்களாக அந்த இடம் அப்படியேதான் கிடந்தது. வீடு மாறியபோது எத்தனையோ காகிதங்களைக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கக் கை வரவில்லை.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை, கூட வேலை பார்த்தவர். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் நான்கு கணினிகள், ஒரு தண்ணீர் கேன், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. விரிதாள் மென்பொருள் ஒன்றின் தமிழ் உதவிப் பக்கங்களில் உள்ள பிழைகளைத் திருத்துவது எங்கள் வேலை. ஒரு ஃபார்முலாவை எப்படிப் போடுவது என்று தெரியாதவர் கேள்விக்குறியை அழுத்தினால் ஒரு பக்கம் திறக்குமே, அந்தப் பக்கம். யாரோ எங்கேயோ அவசர அவசரமாக மொழிபெயர்த்துத் தள்ளிவிட்டிருந்தார்கள். விடை நாற்பத்திரண்டு என்று இருக்கும், போட்டுப் பார்த்தால் இருபத்து நான்கு வரும். மாதத்தின் கடைசி நாளைக் கண்டுபிடிக்கும் ஃபார்முலாவை 'இறுதி நாளைக் காட்டும்' என்று எழுதிவைத்திருந்தார்கள். உலகம் அழியும் கியாமத் நாளைக் கண்டுபிடிக்கவும் ஃபார்முலா வந்துவிட்டதா என்று நான் கத்தியது கீழே பட்டுக்கடை வரை கேட்டதாம்.

குற்றம் கண்டுபிடிப்பது என் பிறவிக் குணம். கல்யாண வீட்டு பிரியாணியில் உப்பு அரைச் சிட்டிகை கூடிவிட்டது என்று சொல்லி, பெண் வீட்டாரிடம் என்னைப் பெற்ற அம்மியைத் தலைகுனிய வைத்தவள் நான். அக்கா நேர் எதிர். குரலே எழும்பாது. எடுத்துக்காட்டு அட்டவணைகளை அவர் புதிதாக எழுதுவார், நான் அதில் ஓட்டை தேடுவேன். பெரும்பாலும் ஓட்டை இருக்காது. அந்த எரிச்சலும் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

அப்படித்தான் ஒரு நாள் அந்தப் பக்கம் என்னிடம் வந்தது. காலியாக இல்லாத கட்டங்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் ஃபார்முலாவுக்கான பக்கம். அக்கா போட்டிருந்த அட்டவணைக்கு 'வீட்டில் இருப்பவர்கள்' என்று தலைப்பு. அப்பா, அம்மா, அக்கா, அடுத்து ஒரு வெற்றுக் கட்டம், அதற்குக் கீழே தங்கை. விடை: ஐந்து. மாட்டிக்கொண்டார் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம். நான்கு பெயர்தானே இருக்கிறது? ஐந்தை அடித்து நான்கு என்று மாற்றினேன். பிற்பகலில் பார்த்தால் மறுபடியும் ஐந்து. மாற்றினேன். மறுநாள் மீண்டும் ஐந்து.

புதிய தாளைத் திறந்து அதே அட்டவணையை நானே அடித்துப் பார்த்தேன். நான்கு வந்தது. அக்காவின் கோப்பைத் திறந்தேன். ஐந்து. தானாகக் கணக்கிடுவதை யாராவது நிறுத்தி வைத்திருந்தால் பழைய விடையே திரையில் நிற்கும். எங்கள் தொழிலில் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவோம். கணக்கிடும் விசையை அழுத்தினேன். ஐந்துதான். பட்டப்பகல், கீழே கடையில் முகூர்த்தக் கூட்டம், தெருவெல்லாம் ஆட்டோ ஹாரன். ஆனாலும் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபோது, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருப்பதுபோல் எனக்குப் பட்டது. கட்டத்துக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதில் ஒரே ஒரு இடைவெளி அடிக்கப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எண்ணிக்கையில் சேரும்.

"இன்னாக்கா இது, படிக்கிறவங்க குழம்ப மாட்டாங்களா? காலி கட்டத்த போய் எண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அது காலி இல்லமா. பாக்க காலியா தெரியுது, அவ்ளோதான்" என்றார் அக்கா. பிறகு, "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, சாப்புட" என்றார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீடு. கூடத்தில் பாதியைத் தறி பிடித்திருந்தது. அவருடைய அப்பா தறியில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நாங்கள் சமையலறை வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் என் காது தானாகத் தறியின் பக்கம் போய்விட்டது. பிழை எங்கே இருந்தாலும் என் காது அங்கே போய்விடும். நூலோடு நாடா குறுக்கே போகும், பலகை அடிக்கும், பிறகு ஒரு நிறுத்தம். ஒரு மூச்சு விடும் நேரம். மீண்டும் நாடா, மீண்டும் அடி, மீண்டும் அதே நிறுத்தம். அவர் நூலைச் சரிசெய்யவும் இல்லை, கையைத் துடைக்கவும் இல்லை. அந்த நேரம் முழுக்கத் தனக்கு வலப்பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

அக்கா குரலைத் தணித்துச் சொன்னார். கரை தனியாக, உடல் தனியாக நெய்து கோக்கும் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடல் நாடாவைத் தள்ளினால், பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவைத் தள்ள வேண்டும். பல வருடம் அந்தப் பக்கத்து இடத்தில் அக்காவின் தம்பி உட்கார்ந்திருந்தார். முப்பது வயதில் ஏதோ சண்டை. அப்பா ஒரு வார்த்தை சொல்ல, தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் கிளம்பியவர்தான். நான்கு வருடமாக ஒரு போன் கூட இல்லை. இப்போது அப்பா நெய்வது ஒற்றை ஆள் சேலை. பக்கத்தில் யாரும் தேவையே இல்லை. "ஆனா கை இன்னும் நிக்குது பாரு" என்றார் அக்கா.

அந்த வீட்டில் தம்பியின் பெயரை யாரும் சொல்லக் கூடாது. அது அப்பாவின் உத்தரவு. அம்மாவோ, வீட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்வார். ரேஷன் கடையில் கேட்டாலும் ஐந்து, கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டாலும் ஐந்து. "பேர எழுதினா அப்பாவுக்கு ஆவாது. எடுத்துட்டா அம்மாவுக்கு ஆவாது. அதான் ஒரு ஸ்பேஸ் தட்டி வெச்சேன். கணக்குல அஞ்சு வந்துக்கினு இருக்கிற வரைக்கும் அவன் எங்கியோ நல்லா இருக்கிறான்னு எனக்கு ஒரு நெனப்புமா" என்றார். பைத்தியக்காரத்தனமா இருக்குதுல்ல என்று அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தறியின் அந்த நிறுத்தத்தை என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. ஆனால் வேலை கொடுத்தவர்கள் விடவில்லை. அந்தப் பக்கத்தில் பெயர் நான்கு, விடை ஐந்து, தவறு என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை முதலாளி என்னைக் கூப்பிட்டு, நாளைக் காலைக்குள் சரிசெய்யாவிட்டால் மொத்தத் தொகுப்பும் கைவிட்டுப் போகும் என்றார். நான் கொதித்துப்போய் அக்காவிடம், "நீங்களே எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். அக்கா பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். நானும் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சீக்கிரமே வந்துவிட்டேன். பால்காரர்கூடப் போயிருக்கவில்லை. கதவைத் திறந்தது நான். கோப்பைத் திறந்தேன். ஐந்தை எதிர்பார்த்த இடத்தில் நான்கு நின்றது. கட்டத்துக்குள் போய்ப் பார்த்தேன். இடைவெளி இல்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லை. அக்கா நேற்றே மனமிறங்கி, நான் போன பிறகு திரும்பிவந்து எடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வென்றுவிட்ட சந்தோஷம் வேறு. பக்கத்தில் விடையை நான்கு என்று மாற்றினேன். பதிவேட்டை அச்செடுத்து, கடைசி வரியில் 'நான்காம் கட்டத்திலிருந்த இடைவெளி நீக்கப்பட்டது' என்று எழுதினேன். செய்தவர் அவர், கையெழுத்தும் அவரே போடட்டும் என்று மாற்றியவர் பெயரை மட்டும் விட்டுவைத்தேன். அக்காவுக்கு ஒரு செய்தியும் அனுப்பினேன்: 'அப்பாடா, எடுத்துட்டீங்களா! தேங்க்ஸ்க்கா.' கூடவே கைதட்டும் பொம்மைகள் மூன்று.

'எதை?' என்று பதில் வந்தது.

நான் அதற்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் வீட்டுக்கு போன் வந்திருக்கிறது. வடக்கே ஏதோ ஓர் ஊரின் அரசு மருத்துவமனையிலிருந்து. தம்பி லாரியில் கிளீனராக இருந்திருக்கிறார். விடிவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

காரியமெல்லாம் முடிந்து பதினெட்டாம் நாள் அக்கா வேலைக்கு வந்தார். மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"நீதானே எடுத்தே?"

"இல்லக்கா. நீங்கதான்னு நெனச்சேன்."

"நான் எடுக்கலமா."

அந்தக் கோப்பில் எங்கள் இருவரைத் தவிர யாரும் கை வைக்க முடியாது. முதலாளி கூப்பிட்ட அன்றைய கோபத்தில் நானே தட்டிவிட்டு மறந்தேனா? மற்றக் கோப்புகளில் தேவையில்லாத இடைவெளிகளை அந்த வாரம் மொத்தமாக நீக்கியிருந்தேன். அதில் இதுவும் சிக்கிக்கொண்டதா? இல்லை, இதை நான் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன். ஒதுக்கினேன்தானே?

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எடுத்திருந்தா பரவால்லமா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாரோ ஒரு மனுசங்க எடுத்தாங்கன்னா மனசு ஆறிடும். யாருமே எடுக்கல, அதுவா போச்சுன்னா… அவன்தான் வந்து எடுத்துக்கினு போனான்னு தோணுது. பயமா இருக்குது. வீட்ல தறிச் சத்தம் கேட்டாலே பயமா இருக்குது. நீதான்னு ஒரு வார்த்த சொல்லிடேன்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. ஆனால் செய்யாத பிழையை என் தலையில் ஏற்றிக்கொள்வதா என்று என் பாழும் வாய் முந்திக்கொண்டது. "அல்லா மேல ஆணையா நான் இல்லக்கா" என்றேன்.

அக்கா கையை விட்டார். தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மூன்று வருடம் சேர்ந்து வேலை செய்தோம், டீ குடித்தோம், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போனோம். அந்தப் பேச்சை மட்டும் அவர் எடுக்கவேயில்லை. ஆனால் மேலே மின்விசிறிக் காற்றில் ஏதாவது காகிதம் அசைந்தாலும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

அந்த அலுவலகம் மூடிப் பல நாளாகிறது. நான் செவிலிமேட்டில் என் வீட்டிலிருந்தபடியே இந்த வேலையைச் செய்கிறேன். அக்கா போன வருடம் புற்றுநோயில் போய்விட்டார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பேச்சு குறைந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அவர் தங்கை இருந்தார், வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

போன வாரம் அந்தப் பழைய பக்கம் மறுபடியும் என்னிடம் வந்தது. வெற்றுக் கட்டம் நடுவில் எதற்கு, எடுத்துக்காட்டைப் புதுப்பித்துத் தரவும் என்று குறிப்பு. காலை பத்து மணி. ஜன்னல் வழியாக நல்ல வெயில். கோப்பைத் திறந்தேன். வீட்டில் இருப்பவர்கள்: அப்பா, அம்மா, அக்கா, வெற்றுக் கட்டம், தங்கை. விடை நான்கு. தலைப்பு இப்போது பொய்யாகிவிட்டதே என்று என் பழக்கம் குரல் கொடுத்தது. 'அக்கா' என்று இருந்த கட்டத்தில் நின்று அழித்தேன். எழுத்து போய்விட்டது.

எண் மாறவில்லை. மூன்று பெயர், விடை நான்கு.

தானாகக் கணக்கிடுவது நின்றிருக்கும். பழைய கோப்பு, வேறு என்ன இருக்கும்? ஒரு விசையை அழுத்தினால் தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்து எதையும் சரிபார்க்காமல் விட்டவள் இல்லை நான். விரலை விசையின் மேல் வைத்தேன். வைத்தபடியே இருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்று என்று வந்தாலும் என்னால் தாங்க முடியாது. நான்கு என்றே நின்றாலும் தாங்க முடியாது. அப்போதுதான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு எதைக் கேட்டார் என்பது எனக்கு முழுதாக உறைத்தது. யாராவது ஒரு மனுஷர் வந்து, நான்தான் செய்தேன் என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

விரலை எடுத்தேன். கோப்பை அப்படியே மூடினேன். இழுப்பறையைத் திறந்து, வயர்களை ஒதுக்கி, அந்தத் தாளை வெளியே எடுத்தேன். பேனாவைத் தேட வேண்டியிருந்தது. "நான்தான் எடுத்தேன்க்கா" என்று வாய்விட்டுச் சொன்னேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பிறகு கடைசி வரியில், மாற்றியவர் பெயர் என்ற இடத்தில், என் பெயரை எழுதினேன்.