சிவப்புத் தகரமும் நீலத் தகரமும்

திண்டிவனம் பஸ் நிலையத்தில் மல்லாட்டை விற்கிறவள் சும்மாதான் கையை நீட்டினாள். செண்பகத்தின் இடுப்பிலிருந்த குழந்தை அவளிடம் தாவிவிட்டது. செண்பகம் சில்லறையைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது, அது கூடைக்குப் பின்னால் அவள் மடியில் உட்கார்ந்து அவள் உரித்துக் கொடுத்த கடலையைத் தின்றுகொண்டிருந்தது.

"எம்மா, இது உன் புள்ளதானா? கூப்ட்டா எங்கூடவே வீட்டுக்கு வந்துடும் போலருக்கே" என்று அவள் சிரித்தாள்.

செண்பகமும் சிரித்து வைத்தாள்.

குழந்தை இருதயமேரிக்கு இரண்டு வயது இருக்கும் என்று, கன்னியாஸ்திரிகள் நடத்தும் அனாதை இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். செண்பகம் மயிலம் பக்கத்தில் கூலிக்குக் களை பறிக்கிறவர்கள் வீட்டில் பிறந்தவள். தானும் களை பறித்தவள். அந்த ஊரிலேயே முதலில் கல்லூரிக்குப் போன சவுரிராயனைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்தாள். மூன்று முறை வயிற்றில் தங்கியும் எதுவும் பிள்ளையாகவில்லை. எண்பத்தொன்பதாம் வருஷத் தொடக்கத்தில் இல்லத்திலிருந்து இந்தக் குழந்தையை வாங்கி வந்தார்கள். "ஈஸ்டர் வரைக்கும் வச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா சொல்லிடுங்க" என்றார் சிஸ்டர்.

குழந்தை அழவே அழாது. யார் கூப்பிட்டாலும் போகும். பால்காரி கோவிந்தம்மாள், மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர், வாசலில் உப்பு விற்றவன், எல்லாரும் அதற்கு ஒன்றுதான். சமர்த்துக் குழந்தை என்று தெருவே மெச்சியது. செண்பகம் கடைக்குப் போனாலும் அது தேடாது. திரும்பி வந்தாலும் ஓடி வராது.

சவுரிராயன் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். சென்னைப் பேராசிரியர் ஒருவரிடம் பகுதிநேர ஆய்வு செய்துகொண்டிருந்தார். கல்லூரியில் இடம் கிடைக்காததால் வீட்டின் பின்புறம் தட்டி கட்டி மறைத்து அங்கே கோழிக்குஞ்சுகளை வைத்திருந்தார். பொரிந்த குஞ்சு முதலில் வெகுநேரம் எதைப் பார்க்கிறதோ அதையே தாய் என்று எடுத்துக்கொள்ளும். இங்கே தாய் ஒரு சிவப்புத் தகர டப்பா. உள்ளே பல்பு எரிய, பழைய மின்விசிறி மோட்டாரில் அது சுற்றிக்கொண்டிருக்கும். மறுநாள் ஒரு பக்கம் சிவப்புத் தகரத்தையும் இன்னொரு பக்கம் நீலத் தகரத்தையும் வைத்துக் குஞ்சை நடுவில் விட்டால் சிவப்பிடம் ஓடும்.

சில குஞ்சுகளுக்கு, தகரத்தைக் காட்டுவதற்கு முன்பே, தலையில் ஒரு மருந்தை ஊசியால் செலுத்துவார். அவையும் நன்றாக நடந்தன, தீனி தின்றன. ஆனால் சிவப்பிடமும் போயின, நீலத்திடமும் போயின.

"ஏங்க, இதுக்குக் கண்ணு தெரியலியா?"

"கண்ணு தெரியுது செண்பகம். பாத்தது உள்ள தங்கல."

அவர் விளக்கினார். மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் செய்தி சொல்ல குளூட்டமேட் என்ற பொருளை விடுகிறது. அதை வாங்கிக்கொள்ள எதிர் நரம்பில் ஏற்பிகள் இருக்கின்றன. அதில் ஒருவகை ஏற்பி லேசில் திறக்காது. செய்தியும் வர வேண்டும், அதே நேரம் எதிர் நரம்பும் விழித்திருக்க வேண்டும். அது திறந்தால்தான் பார்த்தது பதியும். மருந்து போய் அதைத் திறக்கவிடாமல் அதில் உட்கார்ந்துகொள்கிறது.

செண்பகம் கையிலிருந்த குஞ்சைப் பார்த்தாள். பிறகு முற்றத்தைப் பார்த்தாள். அங்கே குழந்தை கோவிந்தம்மாளின் மடியில் இருந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்குது" என்றார் மெல்ல. "அது தாண்டிட்டா கஷ்டம். சிஸ்டர் கிட்ட சொல்லிடலாமா? பாப்பாவுக்கும் நல்லதில்ல, உனக்கும் நல்லதில்ல."

"மருந்து எறங்கினப்புறம் இந்தக் குஞ்சு கத்துக்குமா?"

"அத நான் பாக்கல. இருட்டுலயே வச்ச குஞ்சுக்குக் காலம் கொஞ்சம் நீளுதுன்னு படிச்சிருக்கேன். ஒண்ணும் பாக்காததால காத்துக்கினு இருக்கும்."

"நம்ம புள்ள மட்டும் இன்னாத்தப் பாத்துச்சு? அத்தினி சிஸ்டருங்களும் ஒரே வெள்ளை உடுப்பு."

"அது கோழிம்மா. இது புள்ள."

"கோழியச் சொல்லிதான அனுப்பப் பாக்கறீங்க?"

அவர் அவள் கையிலிருந்த குஞ்சை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் செண்பகம் பெட்டியிலிருந்து இரண்டு சிவப்பு நூல் புடவைகளை எடுத்தாள். ஒன்றைத் துவைத்துப் போட்டு மற்றதைக் கட்டினாள். வேறு எதையும் கட்டவில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்குவது எல்லாம் அவள்தான். "தூக்காதக்கா" என்று கோவிந்தம்மாளிடமும் சொல்லிவிட்டாள்.

கோவிந்தம்மாளுக்குச் சுருக்கென்றது. "இன்னா செண்பகம், தெனமும் செவப்பே கட்டற, வேளாங்கண்ணிய வுட்டுட்டு மேல்மருவத்தூருக்கு மால போட்டுக்கினியா?"

"போட்டா நீயும் வர்றியா?"

தவக்காலத்தில் ஞாயிறுதோறும் சிவப்புப் புடவையில் மாதா கோயிலுக்கு வந்தவளை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை மட்டும் பார்க்கவில்லை. அது முன்வரிசைப் பெண்ணின் தலைப்பூவைப் பார்த்துக் கையை நீட்டியது.

தகரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குக் கை வலிக்காது. குஞ்சு தன்னிடம் வர வேண்டும் என்ற ஆசையும் அதற்குக் கிடையாது. செண்பகத்துக்கு இரண்டும் இருந்தன. சோற்றை ஊட்டிக்கொண்டே சில சமயம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு, முகம் தெரிய வேண்டுமே என்று மறுபடி திரும்பி உட்காருவாள்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து, ஈஸ்டருக்குச் சில நாட்களே இருந்த ஒரு காலை. பால் ஊற்ற வந்த கோவிந்தம்மாள் பழக்க தோஷத்தில் கையை நீட்டி, "வாடி என் ராசாத்தி" என்றாள்.

குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு வீடு அதிர ஒரு அலறல்.

"அய்ய, இன்னாடி இது! போன மாசம் என் மடியிலயே கெடந்துச்சு. இப்ப நான் இன்னா பேயா, பிசாசா?"

செண்பகம் சமாதானம் சொல்லவில்லை. "அழுவுது பாருக்கா" என்றாள், எதையோ எடுத்துக் காட்டுவதுபோல. "நல்லாப் பாரு, அழுவுது."

சத்தம் கேட்டுப் பின்புறக் குஞ்சுக் கொட்டகையிலிருந்து சவுரிராயன் ஓடி வந்தார். விழுப்புரம் ரயிலுக்குப் போக நீலச் சட்டை போட்டிருந்தார். "விழுந்துட்டாளா? எங்கிட்ட குடு" என்று கையை நீட்டினார். குழந்தை அவரையும் பார்த்தது. இன்னும் உரக்க அழுது, திரும்பி, சிவப்புப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நீட்டிய கை அப்படியே நின்றது. குஞ்சுகள் ஒதுக்கிய தகரத்தை அவர் எத்தனையோ முறை குறித்து வைத்திருக்கிறார். குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"சிஸ்டர் கிட்ட இன்னா சொல்றது?" என்றாள் செண்பகம்.

"ஒட்டிக்கிச்சின்னு சொல்லு." அவர் கையை இறக்கினார். "உன்கிட்டதான். நான் இன்னா பண்றது?"

"தெனமும் அதுக்கு எதிர நடந்துக்கினு இருங்க. ஒரு செவப்புச் சட்ட எடுத்துக்குங்க."

"அப்புறம் குடும்பமே மால போட்டுக்கிச்சின்னு அக்கா தெருவெல்லாம் சொல்லும்."

"சொல்லத்தான் போறேன்" என்றாள் கோவிந்தம்மாள், கோபம் ஆறாமல்.

அவள் பாலை அளந்து ஊற்றினாள். குழந்தை விக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் அவள் கையைப் பார்த்தது. புடவையை விடவில்லை.